ஹர்லிங், கேலிக் ஃபுட்பால்: பயிற்சி கொடுத்தவர்கள் ஏன் இத்தனை பேர் பாதிரியார்கள்?

மழைக்குடை எழுதியது:

வணக்கம். நாங்கள் அயர்லாந்துக்கு வந்து 6 வருஷம் ஆகிறது. கில்கென்னி பக்கம் இருக்கிறோம். பையனுக்கு 9 வயது. இந்த ஊரில் பிள்ளை நடக்க ஆரம்பித்ததுமே கையில் ஒரு மட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். என் பையனும் மாட்டிக்கொண்டான். சனிக்கிழமை காலையில் ஃபிளாஸ்க்கில் டீயோடு மைதான ஓரத்தில் நிற்பது என் வேலை.

போன வாரம் மழை வலுத்ததும் கிளப் அறைக்குள் ஒதுங்கினோம். சுவர் முழுக்கப் பழைய அணிப் படங்கள். 1950, 60-களில் எடுத்ததாக இருந்தால், ஓரத்தில் கறுப்பு உடையும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாக ஒருவர் நிற்கிறார். ஏதோ ஆசீர்வாதம் செய்ய வந்த சாமியார் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். "ஆசீர்வாதம் அப்புறம். அவர்தான் கோச்" என்றார். பிறகு, "உன் பையன் இன்றைக்கு அங்கே கற்றுக்கொள்வதில் பாதி ஃபாதர் டாமி மஹர் மூளையில் பிறந்தது" என்றும் சொன்னார். அதற்குள் மழை விட்டுவிட்டது, ஆளும் போய்விட்டார்.

யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யார் இந்த மஹர்? சாமியார்களுக்கும் இந்த விளையாட்டுக்கும் அப்படி என்ன ஒட்டு?

---

யார்க்கர்87 எழுதியது:

அண்ணே, முதலில் அது என்ன விளையாட்டு என்று சொல்லுங்கள். யூடியூபில் ஒரு முறை பார்த்தேன். ஹாக்கி ஆடுகிறவர்களும் கத்திச் சண்டை போடுகிறவர்களும் ஒரே மைதானத்தை வாடகைக்கு எடுத்த மாதிரி இருந்தது.

---

மழைக்குடை எழுதியது:

ஹாஹா, அது ஹர்லிங். ஆஷ் மரத்தில் செய்த மட்டை, கைக்குள் அடங்கும் தோல் பந்து. கேலிக் ஃபுட்பால் அதன் உடன்பிறப்பு. அதில் மட்டை கிடையாது, பெரிய பந்து. கையில் எடுக்கலாம், ஆனால் நாலு எட்டுக்கு மேல் அப்படியே கொண்டு ஓட முடியாது. தரையில் தட்ட வேண்டும் அல்லது கால் நுனியில் தட்டி மறுபடி கைக்கு வாங்க வேண்டும். இரண்டிலும் அணிக்கு 15 பேர், இரண்டிலும் ஆங்கில எழுத்து எச் போன்ற கம்பம். கம்பிக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் ஒரு கோல், அதாவது 3 புள்ளி. (ஃபுட்பாலில் 2025-லிருந்து தூரத்து அடிக்கு 2 புள்ளி என்று ஒரு வளைவு போட்டிருக்கிறார்கள். அது வேறு சண்டை.) ஸ்கோரை 3-8 என்று எழுதினால் 3 கோல், 8 புள்ளி, மொத்தம் 17. எனக்கு இது பழகவே ஒரு வருஷம் ஆயிற்று.

இன்னொன்று. டப்ளினில் இந்த ஆட்டங்களின் பெரிய மைதானமான க்ரோக் பார்க்கில் 80 ஆயிரம் பேர் முன்னால் ஆடுகிறவருக்கும் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை காலை எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

---

பழைய_ஸ்கோர்கார்டு எழுதியது:

நல்ல கேள்வி. நான் 20 வருஷம் டப்ளினில் இருந்தவன், இப்போது திருச்சியில் ஓய்வு. மஹரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், அதை ராத்திரி எழுதுகிறேன். இப்போதைக்கு உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும்.

சம்பளம் இல்லாத விளையாட்டு என்றால் பயிற்சி கொடுக்க யாருக்கு நேரம் இருக்கும்? 1967-இல் இலவச உயர்நிலைக் கல்வி வரும்வரை அயர்லாந்தில் பெரிய பள்ளிகள் பெரும்பாலும் திருச்சபை கையில். ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் ஒரு கல்லூரி. கல்லூரி என்று பெயர்தான், நம் கணக்கில் விடுதியோடு கூடிய மேல்நிலைப் பள்ளி. ஆசிரியர்களில் பலர் குருக்கள். அதே வளாகத்தில் தங்குவார்கள், மனைவி மக்கள் கிடையாது, சாயங்காலம் 4 மணிக்கு மேல் கையில் பொழுது இருக்கும். எதிரே 200 பையன்கள், ஒரு மைதானம். பிறகு என்ன நடக்கும்?

ஃபுட்பாலில் இதற்குப் பேர்போன இடம் டுவாம் ஊரின் செயின்ட் ஜார்லத்ஸ். பள்ளிகளுக்கான ஹோகன் கோப்பையை 12 முறை வாங்கியவர்கள். 1946-இல் நடந்த முதல் இறுதியில் அர்மாவின் செயின்ட் பாட்ரிக்ஸிடம் தோற்றார்கள். வடக்கே அல்ஸ்டரில் மெக்ரோரி கோப்பை, அதைக் கொடுத்தவரே ஒரு ஆயர். அந்தப் பக்கம் இந்த மரபு அண்மைக்காலம் வரை ஓடியது. டிரோன் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அணியின் மேலாளராக இருந்த மிக்கி ஹார்ட், அதன் மைனர் (சிறுவர்) அணியையும் 21 வயது அணியையும் வளர்த்தபோது கூட நின்றவர் ஃபாதர் ஜெரார்ட் மெக்கலீர்.

ஒரு சின்னத் திருத்தம், பலர் குழப்பிக்கொள்வார்கள்: கோப்பைக்குப் பெயர் தந்த ஹோகன், கிறிஸ்தவ சகோதரர்கள் என்ற துறவற சபையைச் சேர்ந்தவர். க்ரோக் பார்க்கின் ஹோகன் ஸ்டாண்ட் வேறு ஹோகன் பெயரில் இருக்கிறது. அவர் 1920-இல் அந்த மைதானத்திலேயே பிரிட்டிஷ் படை சுட்டுக் கொன்ற டிப்பரரி ஆட்டக்காரர். க்ரோக் பார்க்கே பேராயர் க்ரோக்கின் பெயர்தான். 1884-இல் இந்த ஆட்டங்களை நடத்தும் ஜி.ஏ.ஏ. சங்கம் தொடங்கியபோது அதன் முதல் புரவலர்களில் ஒருவர்.

---

நெல்லைச்சீமை எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கம் விடுதிப் பள்ளியில் படித்தவன் என்பதால் இது நன்றாகவே புரிகிறது. எங்கள் வார்டன் சாமியாரும் சாயங்காலம் அங்கியை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு வாலிபால் ஆடுவார். சர்வீஸ் போட்டால் எடுக்க முடியாது. ஆனால் அடியும் அதே கையால்தான் விழும்.

ஒரு சந்தேகம். இந்த ஐரிஷ் சாமியார்கள் பயிற்சி மட்டும்தான் கொடுத்தார்களா, தாங்களும் ஆடினார்களா?

---

மேற்குக்காற்று எழுதியது:

ஆடினார்கள், ஆனால் திருட்டுத்தனமாக! மேயோவில் இருக்கிறேன், இது எங்கள் ஏரியா.

அந்தக் காலத்துத் திருச்சபை விதிப்படி குருப்பட்டம் வாங்கியவர் கவுண்டி அணிக்குப் பகிரங்கமாக ஆடக் கூடாது. அதனால் வேறு பெயரில் ஆடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் யாருக்குமே தெரியாத ஒருவர் 3 புள்ளி அடித்திருப்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் யார் என்று தெரியும். ஆயர் ஐயாவுக்கும் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

மேயோ கடைசியாக ஆல் அயர்லாந்து ஃபுட்பால் பட்டம் வாங்கியது 1951-இல். மீத்தை 2-8க்கு 0-9 என்று ஜெயித்தார்கள். அந்த அணியில் பீட்டர் குவின் என்று ஒரு இளம் குருவானவர் ஆடினார். கொலம்பன் மிஷனரி சபை. பிறகு பிலிப்பைன்ஸுக்கு ஊழியத்துக்குப் போய்விட்டார். நாட்டின் மிகப் பெரிய பட்டத்தைக் கையில் வாங்கிவிட்டு, இந்த ஆட்டத்தின் பெயரே தெரியாத ஊருக்குப் போவது எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் அந்தச் சாபக் கதை. ஜெயித்து ஊர் திரும்பும்போது ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு சவ ஊர்வலம் போயிருக்கிறது. இவர்கள் மரியாதைக்குக்கூட வண்டியை நிறுத்தாமல் ஆர்ப்பாட்டமாகப் போனார்களாம். உடனே அங்கிருந்த பாதிரியார், இந்த அணியில் ஒருவராவது உயிரோடு இருக்கும்வரை மேயோ மறுபடி ஜெயிக்காது என்று சாபம் விட்டாராம். கட்டுக்கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1989-லிருந்து 11 இறுதிப் போட்டிக்குப் போய் 11-லும் தோற்றால் நாத்திகனுக்கும் வயிற்றைக் கலக்கும். கடைசியாக உயிரோடு இருந்த பேடி பிரென்டர்காஸ்ட் 2021 செப்டம்பரில் காலமானார். ஆக, சாபம் முடிந்தது. கோப்பைதான் வரவில்லை.

---

யார்க்கர்87 எழுதியது:

சாபம் விட்டவரும் சாமியார், சபிக்கப்பட்ட அணியில் ஆடியவரும் சாமியார். துர்வாசர் தன் சொந்த அண்ணன் தம்பிக்கே சாபம் விட்ட மாதிரி.

---

பழைய_ஸ்கோர்கார்டு எழுதியது:

சரி, மஹருக்கு வருகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இவர் கதை ஃபுட்பால் அல்ல, ஹர்லிங். கில்கென்னிக்காரர் வேறு எதை எடுப்பார்? அந்தக் கவுண்டியில் ஃபுட்பால் என்று சொன்னால் உறவினர் வீட்டில் கடன் கேட்ட மாதிரி பார்ப்பார்கள்.

1922-இல் பிறந்தவர், தாமஸ்டவுன் வட்டாரம். கில்கென்னி நகரத்து செயின்ட் கீரன்ஸ் கல்லூரியில் படித்தார். 1782-இல் தொடங்கிய பள்ளி. குருமாணவராக இருக்கும்போதே கவுண்டி அணிக்கு அழைப்பு. 1945 இறுதிப் போட்டியில் டிப்பரரிக்கு எதிராக ஆடினார். 5-6க்கு 3-6 என்று தோல்வி. குருப்பட்டம் வாங்கிய பிறகு, மேலே மேயோ நண்பர் சொன்ன அதே விதி. ஆட்டக்காரராக அவர் கணக்கு அதோடு முடிந்தது. ஒரே இறுதி, அதுவும் தோல்வி.

1950-களின் நடுவில் கீரன்ஸுக்கே ஆசிரியராகத் திரும்பினார். பள்ளி அணியை எடுத்தார். 1957-இல் பள்ளிகளுக்கான க்ரோக் கோப்பை. அதே வருஷம் கவுண்டி அணிக்கும் கூப்பிட்டார்கள். கில்கென்னி பட்டம் வாங்கி 10 வருஷம் ஆகியிருந்தது. வந்த முதல் வருஷமே வாட்டர்ஃபோர்டை 4-10க்கு 3-12 என்று, ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். அந்த இறுதியில் ஒரு வேடிக்கை. ஆட்டத்துக்கு முந்தைய அணிவகுப்பில் கில்கென்னி வரிசையில் 16 பேர். கூட இருந்தவர் ஜான் கிரெக்சன் என்ற நடிகர், சினிமாவுக்காகச் சீருடை போட்டு நடந்தார். படம் எடுத்து முடிந்ததும் ஒதுங்கிக்கொண்டார்.

1957 முதல் 1975 வரை மஹர் காலத்தில் கில்கென்னி 12 இறுதிக்குப் போனது, 7 பட்டம்: 1957, 63, 67, 69, 72, 74, 75.

ஆனால் எண்ணிக்கைக்காக மட்டும் அவரைச் சொல்வதில்லை. அதுவரை ஹர்லிங் ரத்தத்தில் வருவது என்பார்கள். அப்பன் ஆடினான், மகன் ஆடுவான். பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடு, வியர்வை கொட்டட்டும், அவ்வளவுதான். மஹர் பள்ளி வாத்தியார். கணக்கைப் படி படியாகப் போட்டுக் காட்டுவது போல ஆட்டத்தைப் பிரித்தார். மட்டையை எங்கே பிடிப்பது, எந்தக் கை மேலே, பந்தைத் தரையிலிருந்து எடுக்கும்போது பாதம் எங்கே, எதிராளி வீசும் மட்டையைப் பின்னாலிருந்து எப்படிக் கொக்கி போட்டு மாட்டுவது, முன்னாலிருந்து எப்படி மறிப்பது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பந்தை வைத்தே, கை தானாகச் செய்யும்வரை. திறமை பிறவியிலேயே வரும் என்று நம்பிய ஊரில் போய், இதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? சங்கீதத்தில் கேள்வி ஞானம் போதும் என்று இருந்தவர்களுக்கு ஸ்வரம் எழுதிக் கொடுத்த மாதிரி.

மாணவர்களில் எடி கெஹர் ஒருவர் போதும். 1959 இறுதி சமனில் முடிந்து மறு ஆட்டம் வந்தபோது 17 வயதுப் பையன், பெரியவர்கள் அணிக்கு இறக்கினார்கள். 1963 இறுதியில் அவர் மட்டும் 14 புள்ளி. அன்று வாட்டர்ஃபோர்ட் 6 கோல் போட்டும் தோற்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6-8 என்றால் 26. கில்கென்னி 4-17, அதாவது 29.

---

மழைக்குடை எழுதியது:

ஐயா, கோடி நன்றி. இப்போதுதான் ஒன்று புரிகிறது. பையனின் பயிற்சியில் 20 நிமிஷம் ஒரே விஷயம்தான். இரண்டு இரண்டு பேராக நிற்பார்கள். ஒருவன் அடிக்க மட்டையைப் பின்னால் ஓங்குவான். மற்றவன் ஒற்றைக் கையால் தன் மட்டையை நீட்டி, அது கீழே இறங்கும் நேரம் பார்த்து நுனியில் மாட்ட வேண்டும். சீக்கிரம் நீட்டினால் காற்று. தாமதித்தால் அடி போய்விடும். சரியான நேரத்தில் மாட்டினால் "டொக்" என்று காய்ந்த சத்தம் ஒன்று வரும், பந்து இருந்த இடத்திலேயே கிடக்கும். அடித்தவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! கோல் அடித்தவனைவிட இதைச் செய்தவனுக்குத்தான் இங்கே பெற்றோர்கள் அதிகம் கை தட்டுகிறார்கள். முதலில் எனக்கு ஏன் என்றே தெரியவில்லை.

---

கறுப்புப்பலகை எழுதியது:

மன்னிக்கவும், கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். இந்த இழை பாதிரியார் புகழ் மாலையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்து இறுதிப் போட்டியில் முதல் பந்தை எறிந்து தொடங்கி வைப்பவர் ஆயர். அணித்தலைவர்கள் முழங்காலிட்டு அவர் மோதிரத்தை முத்தமிட வேண்டும். பிறகுதான் ஆட்டம். இது பக்தி மட்டுமா, யார் எஜமான் என்று காட்டுவதா? கால்பந்து, ரக்பி போன்ற "அந்நிய" ஆட்டங்களை ஆடினாலும், போய்ப் பார்த்தாலும் சங்கத்திலிருந்து நீக்கும் விதி 1971 வரை இருந்தது.

அதைவிட முக்கியமானது. அதே க்ரோக் பார்க்கில் 1886-லிருந்து வாத்தியம் வாசித்தது ஆர்ட்டேன் சிறுவர் பேண்ட். சீருடை, டிரம், பளபளப்பு. அந்தச் சிறுவர்கள் கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய ஆர்ட்டேன் தொழிற்பள்ளியில் அடைக்கப்பட்ட ஏழைப் பிள்ளைகள். அங்கே என்ன நடந்தது என்று சிறுவர் வதை பற்றி விசாரித்து 2009 மே மாதம் வெளிவந்த ரயன் அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று அந்த பேண்டுக்குக் கை தட்டினார்கள். பிள்ளைகள் ஊதி முடித்துவிட்டு எங்கே திரும்பிப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் கேள்வி கேட்காத பழக்கம்தான் இரண்டுக்கும் வேர்.

---

நெல்லைச்சீமை எழுதியது:

இது நியாயம். நான் மேலே வார்டன் அடியைச் சிரிப்பாக எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் எனக்கே உறுத்தியது. அந்த வயதில் எங்களுக்கும் அது சிரிப்பாக இல்லை.

---

பழைய_ஸ்கோர்கார்டு எழுதியது:

கறுப்புப்பலகை சொன்னதில் ஒரு வரிக்கும் எனக்கு மறுப்பு இல்லை. 2009-இல் நான் டப்ளினில்தான் இருந்தேன். அந்த வாரம் அலுவலகத்தில் மதிய உணவு மேஜையில் யாரும் பேசவில்லை. 60 வயதுக்காரர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் "இரண்டுக்கும் வேர் ஒன்று" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். மஹர் செய்தது நேர் எதிர். சொன்னதை நம்பு என்றவர் அல்ல, ஏன் என்று காட்டிக் கொடுத்தவர். 1960-களின் நடுவில் மீத் கவுண்டியின் கார்மன்ஸ்டனில் தேசியப் பயிற்சி முகாம்கள் தொடங்கின. அங்கே போய் மற்ற கவுண்டிக்காரர்களுக்கும் தன் முறையைச் சொல்லிக்கொடுத்தார். எதிரணிக்கு! நம் ஊரில் சமையல்காரர்கூட ஒரு பொடியை மறைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார்.

---

சுண்டிக்குளி எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்துக்காரன், இப்ப கனடாவில். இடையில ஒரு சின்னக் கதை. எங்கட புனித பத்திரிசியார் கல்லூரியிலும் ஒரு ஐரிஷ் அதிபர் இருந்தவர், லோங் அடிகளார். அமலமரித் தியாகிகள் சபை. இந்த ஆட்டங்களோடு அவருக்கு ஏதும் தொடர்பு இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாழ் பொது நூலகம் எழும்ப முன்னுக்கு நின்று உழைத்தவர்களில் அவர் ஒருவர். நூலக வளவில் அவருக்குச் சிலை உண்டு. சொந்த ஊரை விட்டு வந்து இன்னொருவரின் ஊரில வேர் விட்ட ஆள் என்று அம்மம்மா கதைப்பா. பிலிப்பைன்ஸுக்குப் போன குவின் கதையை வாசித்ததும் இவர்தான் நினைவுக்கு வந்தார். சரி, நீங்கள் தொடருங்கோ.

---

யார்க்கர்87 எழுதியது:

நான் குறுக்கே கேட்கிறேன். பட்டை முக்கியமா, வாத்தியார் வேலை முக்கியமா? மஹர் சாமியாராக இல்லாமல் சாதாரண ஆசிரியராக இருந்திருந்தாலும் இதையே செய்திருப்பாரா?

---

மேற்குக்காற்று எழுதியது:

ஃபுட்பால் பக்கம் இதற்குப் பதில் கிடக்கிறது. கெர்ரிக்கு 1924 முதல் 1962 வரை 8 பட்டம் வாங்கிக் கொடுத்த ஏமன் ஓ சல்லிவன் சாமியார் அல்ல, கில்லார்னியில் மனநல மருத்துவர். 1964-இல் ஃபுட்பால் பயிற்சிக்கென்றே புத்தகம் எழுதிய ஜோ லெனன், 1968-இல் டவுன் என்ற கவுண்டியின் அணித்தலைவராகக் கோப்பை வாங்கியவர், உடற்பயிற்சி ஆசிரியர். ஆகப் பட்டை கட்டாயம் இல்லை. மூன்று பேருக்கும் பொது என்ன? ஒரு மனிதன் எப்படிக் கற்கிறான், எங்கே தடுமாறுகிறான் என்று பார்ப்பதே தொழிலாக இருந்தவர்கள்.

---

பழைய_ஸ்கோர்கார்டு எழுதியது:

மேற்குக்காற்று என் வேலையை முடித்துவிட்டார். ஆனாலும் பட்டைக்கு ஒரு பங்கு உண்டு என்பேன். கவுண்டி அணியில் 5 தேர்வாளர்கள், ஆளுக்கு ஒரு கிளப், ஆளுக்கு ஒரு மச்சான். அந்தக் காலத்துக் கில்கென்னியில் அத்தனை பேரையும் வாயடைக்க வைக்கக்கூடிய ஒரே உடை கறுப்பு உடைதான். கறுப்புப்பலகை குறை சொன்ன அதே அதிகாரம். மஹர் அதை அணித் தேர்வில் பங்காளிச் சண்டை வராமல் பார்க்கப் பயன்படுத்தினார் என்பது என் கணிப்பு.

இரண்டு ஆட்டங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

1967. கில்கென்னி டிப்பரரியை இறுதியில் ஜெயித்து 45 வருஷம் ஆகியிருந்தது, 1922-க்குப் பிறகு கிடையாது. 1964-இல்தான் அதே டிப்பரரியிடம் 14 புள்ளியில் உதை. 1966-இல் கார்க்கிடம் தோல்வி. மஹரை மாற்றிவிடலாம் என்று பேசுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. 67-இல் 3-8க்கு 2-7. ஜெயித்தாயிற்று. ஆனால் அன்று தாமஸ்டவுனின் டாம் வால்ஷ் என்ற முன்கள ஆட்டக்காரருக்குக் கண்ணில் அடிபட்டது. கண் போய்விட்டது. 23 வயது. அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயம் ஆனது 2010-இல். நடுவில் 43 வருஷம். அந்த வெற்றியைப் பற்றிக் கில்கென்னிக்காரர்கள் பேசும்போது குரல் ஒரு இடத்தில் இறங்கும், அது இந்த இடம்.

1972. அப்போது இறுதிப் போட்டி 80 நிமிஷம். இரண்டாம் பாதியில் கார்க் 8 புள்ளி முன்னால். கில்கென்னி ஆதரவாளர்கள் கோட்டை மாட்ட ஆரம்பித்திருப்பார்கள். அங்கிருந்து திரும்பி வந்து 7 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள், 3-24க்கு 5-11. எதிரணி 5 கோல் போட்ட இறுதி அது. நான் பழைய பதிவில்தான் பார்த்தேன். கடைசிக் கால் மணி நேரம் கில்கென்னிக்காரர்கள் அவசரமே படவில்லை. தினமும் சாயங்காலம் செய்வதை இன்னொரு சாயங்காலம் செய்கிற மாதிரி ஆடினார்கள்.

1975 பட்டத்தோடு விலகினார். அந்த அணியில் இருந்த இளைஞர் பிரையன் கோடி, கீரன்ஸ் மாணவர், பிற்பாடு பள்ளித் தலைமையாசிரியர், அதற்கும் மேலே கில்கென்னி மேலாளராக 2000 முதல் 2015 வரை 11 பட்டம் வாங்கியவர். மறுபடி ஒரு வாத்தியார்! மஹர் செயின்ட் கீரன்ஸ் கல்லூரித் தலைவராக இருந்தார், பிறகு முல்லினவாட்டில் பங்குத்தந்தை. 2015-இல், 92 வயதில் காலமானார். கீரன்ஸில் குருமடம் 1994-லேயே மூடிவிட்டது. பள்ளி மட்டும் நடக்கிறது, க்ரோக் கோப்பை 20-க்கும் மேல் வாங்கியாயிற்று, வேறு எந்தப் பள்ளியும் பக்கத்தில் இல்லை. இப்போது அங்கே பயிற்சி கொடுப்பவர்கள் டிராக் சூட்காரர்கள்.

---

கறுப்புப்பலகை எழுதியது:

டாம் வால்ஷ் விஷயம் எனக்குத் தெரியாது. நல்ல பதிவு. மோதிர முத்தம் பற்றி என் கருத்து மாறவில்லை. மஹர் பற்றி மாறியது, கொஞ்சம்.

---

மழைக்குடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சனிக்கிழமை, அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்தேன். இங்கே படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். 1963, 14 புள்ளி, 4-17 என்று நான் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஆனால் கண் என் மேல் இல்லை. மைதானத்தில் என் பையன் மேல் இருந்தது.

ஆட்டம் நின்றதும் அவனைக் கூப்பிட்டார். "மட்டையைப் பிடி, பார்க்கலாம்." அவன் பிடித்தான். இடது கை மேலே, வலது கை கீழே. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வலது கையை எடுத்து மேலே வைத்தார். இடது கையைக் கீழே வைத்தார். "இது எழுதுகிற கை. இதுதான் மேலே. ஒற்றைக் கையால் நீட்டும்போது இந்தக் கைதான் மட்டையைத் தாங்கும்." பிறகு தன் கைத்தடியை மெதுவாக வீசிக் காட்டினார். பையன் மட்டையை நீட்டினான். டொக்.

"யார் உனக்கு அப்படிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மூன்று வருஷமாக வீட்டுக் கொல்லையில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு, இடது கை மேலே, இடது முழங்கை உயரத்தில் என்று அவனுக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

---

யார்க்கர்87 எழுதியது:

அண்ணே, பையனைக் காட்டிக் கொடுக்காதீர்கள். "யூடியூபில் பார்த்தான்" என்று சொல்லிவிடுங்கள்.

---

மழைக்குடை எழுதியது:

தாமதம். அவனே சொல்லிவிட்டான்.